விடியற்காலையில் கிளம்பாத கார்

எங்கள் லைனில் ஒரு காரின் பானெட்டைத் தூக்கினால் போதும். பத்து நிமிடத்தில் எட்டு ஆம்பளைகள் கூடிவிடுவார்கள். கையை இடுப்பில் வைத்துக்கொண்டு குனிந்து பார்ப்பார்கள். ஒருவர் உள்ளே எதையாவது தொட்டுவிட்டு விரலை முகர்ந்து பார்ப்பார். அப்புறம் பேச ஆரம்பிப்பார்கள்.

எல்லோருடைய அப்பாவும் மைன்ஸில், தங்கச் சுரங்கத்தில், வேலை பார்த்தவர். அதனால் எல்லோருக்கும் மெஷின் தெரியும். என் அப்பாவும் மைன்ஸ்தான். முப்பது வருஷம் டிரில் பிடித்தார். அவர் ஏறி இறங்கிய கேஜ், ஆளை ஏற்றுகிற இரும்புக் கூண்டு, கரண்டில் ஓடியது. அவர் பிடித்த டிரில் காற்றில் ஓடியது. பூமிக்கடியில் எந்த லெவலில் டீசல் இருந்தது என்று இதுவரை ஒருத்தரும் எனக்குச் சொல்லவில்லை. ஆனால் நான் டீசல் கார் வாங்கியபோது சொல்லிக்கொடுக்க அத்தனை பேரும் வந்தார்கள்.

நான் ஏழாவது வரை படித்தவள். மைசூர் மைன்ஸ் பக்கம், மைன்ஸ்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் இருக்கிறேன். பிளவுஸ் தைப்பேன். என் வீட்டுக்காரர் பெங்களூரில் ஒரு அபார்ட்மெண்டில் வாட்ச்மேனாக இருந்தார். விடியற்கால ரயிலில் போய் ராத்திரி ரயிலில் வருவார். பிரஷர் மாத்திரையைச் சரியாகப் போடாமல் இரண்டு கிட்னியையும் கெடுத்துக்கொண்டார். மாத்திரை மறக்கும், ஆனால் பீடி மறக்காது. இதை அவரிடமே சொல்லியிருக்கிறேன். புதிதாக எழுதவில்லை.

வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். எங்களுக்குக் கோலாரில் ஓர் ஆஸ்பத்திரியில் இடம் கிடைத்தது. முதல் ஷிப்ட். காலை ஆறு மணி. ஷிப்ட் என்ற வார்த்தையைக் கேட்டதும் அவர் சிரித்தார். எங்கள் ஊரில் அந்த வார்த்தை பிடிக்காதவர்கள் இல்லை.

அங்கே இருந்த சிஸ்டர் தெளிவாகச் சொன்னாள். ஆறு மணிக்கு ஆள் வரவேண்டும். ஆறரை வரை பார்ப்பார்கள். அதற்குமேல் வந்தால் அன்றைக்கு அந்த மெஷினில் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். அப்படி மூன்று முறை ஆனால் பெயரை எடுத்து வெயிட்டிங் லிஸ்டில் கீழே போட்டுவிடுவார்கள். லிஸ்டில் எத்தனை பேர் என்று கேட்டேன். அவள் நோட்டைத் திருப்பிக் காட்டினாள். பக்கம் நிறைந்து அடுத்த பக்கம் போயிருந்தது. டயாலிசிஸ் இல்லாமல் ஒரு வாரம் தாண்டினால் அவர் கால் தலையணை மாதிரி வீங்கும். மூச்சு இழுக்கும். அதற்குமேல் என்ன ஆகும் என்று யாரும் எனக்குச் சொல்லவேண்டியதில்லை.

இங்கிருந்து கோலாருக்கு அந்த நேரத்தில் பஸ் கிடையாது. வாடகைக் கார்காரன் ஒருவன் மூன்று வாரம் வந்தான். நாலாவது வாரம் போனை எடுக்கவில்லை. ஆட்டோக்காரன் குளிர் என்றான். அப்போதுதான் கார் வாங்குவது என்று முடிவு செய்தேன். ராபர்ட்சன்பேட்டையில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். வயது நாற்பத்தெட்டு. என்கூடக் கற்றுக்கொண்டதெல்லாம் காலேஜ் பிள்ளைகள். அவர்கள் கியர் மாற்றும்போது போனைப் பார்த்தார்கள். நான் ரோட்டைப் பார்த்தேன். முதல் டெஸ்டிலேயே லைசென்ஸ் கிடைத்தது. அதுவரை ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வண்டிக்காரனைக் கெஞ்சிப் போய்வந்தோம்.

பக்கத்து வீட்டுக்காரர் என்னைப் பார்த்து, "இன்னாக்கா, இந்த வயசுல கார் ஓட்டி மைசூர் தசரா பார்க்கப் போறீங்களா?" என்று கேட்டார்.

"உன் ஆயாவையும் கூட்டிட்டுப் போறேன். ரெடியா இருக்கச் சொல்லு" என்றேன்.

டீசல் கார்தான் வாங்கவேண்டும் என்று ஆம்பளைகள் தீர்மானித்தார்கள். பெட்ரோல் கட்டுப்படியாகாதாம். அதில் எனக்கும் மறுப்பில்லை. வாரத்துக்கு மூன்று தடவை கோலார் போய்வருவது சும்மா இல்லை. பழைய சின்ன டீசல் கார் மலிவாகவும் கிடைத்தது. ஏன் மலிவு என்று அப்போது ஒருவரும் யோசிக்கவில்லை. பெங்களூரில் வேண்டாம் என்று கழிக்கிற பொருளெல்லாம் கடைசியில் எங்கள் ஊருக்குத்தான் வரும். பழைய சோபா, பழைய பிரிட்ஜ், பழைய கார். இங்கே அதைத் துடைத்து வைத்து விற்க ஒரு புரோக்கர் இருப்பான்.

எங்கள் புரோக்கருக்கு ராபர்ட்சன்பேட்டையில் ஒரு கடைக்குப் பின்னால் இடம். ஏழெட்டு வண்டிகள் நின்றன. நாங்கள் மூன்று பேர் போனோம். நான், என் வீட்டுக்காரர், அப்புறம் எதிர் வீட்டு வைண்டிங் டிரைவர். கேஜைச் சுரங்க ஷாப்டில் இறக்கி ஏற்றுகிற பெரிய மெஷினை ஓட்டியவர். எண்பதை நெருங்குகிறார். இருபது வருஷத்துக்குமேல் அந்த மெஷின் ஓடவில்லை. இவர் ஓடிக்கொண்டிருக்கிறார். லைனில் மிக்ஸி கெட்டாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். மிக்ஸி சரியானதாக எனக்கு நினைவில்லை.

நாங்கள் போனபோது மணி பன்னிரண்டு இருக்கும். கருநீலக் கார். இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது.

"உங்களுக்காகத்தான் ஸ்டார்ட் பண்ணி வெச்சிருக்கேன். வெயில்ல நிக்க வாணாம் பாருங்க" என்றான் புரோக்கர். டீ வாங்கிக் கொடுத்தான்.

வைண்டிங் டிரைவர் டீயைக் கீழே வைத்தார். சட்டைப் பையிலிருந்து நீளமான ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். அதன் முனையை இன்ஜின் மேல் வைத்தார். பிடியைக் காதில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். என் வீட்டுக்காரர் டாக்டர் முன்னால் நிற்பதுபோல நின்றார்.

"ஒரு மிஸ் இல்ல" என்றார் வைண்டிங் டிரைவர். "தண்ணி மாதிரி ஓடுது. இத்த விடாத."

அவருக்கு வலது காது கேட்காது. மெஷின் ஹவுஸ் சத்தத்தில் போனது. ஸ்க்ரூ டிரைவரை எந்தக் காதில் வைத்தார் என்று நான் கவனித்தேன். வலது காதில்தான். எண்பது வயதுக்காரரிடம் நாலு பேர் முன்னால் அதைச் சொல்லவில்லை. சொல்லியிருக்கவேண்டும்.

என் தப்பும் உண்டு. நான் பானெட் மேல் கை வைத்தேன். இஸ்திரிப் பெட்டி மாதிரி சுட்டது. வெயில் என்று நினைத்துக்கொண்டேன். தினமும் இஸ்திரி போடுகிறவள் நான். வெயிலில் காய்ந்த தகரத்துக்கும் உள்ளே சூடேறிய தகரத்துக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியும். ஆனால் மூன்று ஆம்பளைகள் தலையாட்டிக்கொண்டு நிற்கும்போது என் கையை நான் நம்பவில்லை.

கார் வீட்டுக்கு வந்தது. லைனே வந்து பார்த்தது. எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினோம். எல்லோரும் என் வீட்டுக்காரரிடம் பேசினார்கள். "இன்னாண்ணா, மைலேஜ் எத்தினி குடுக்குது? இன்னாண்ணா, ஆயில் மாத்துனியா?" அவருக்கு ஸ்டியரிங் எந்தப் பக்கம் என்பது தெரியும். அவ்வளவுதான். ஆனாலும் சால்வையைப் போர்த்திக்கொண்டு, "பார்க்கணும், பார்க்கணும்" என்று பதில் சொன்னார். சாவி என் இடுப்பில் இருந்தது.

மறுநாள் காலை டயாலிசிஸ். ஐந்து மணிக்கு முன்னாலேயே அவரை உட்காரவைத்துச் சாவியைத் திருப்பினேன். இன்ஜின் இருமியது. மறுபடி திருப்பினேன். மறுபடி இருமல். பத்து தடவை. டிசம்பர் மாதம். கண்ணாடியெல்லாம் பனி. இன்ஜின் சுத்திச் சுத்தி அலுத்துக் கடைசியில் பேச்சே இல்லாமல் போனது.

அந்த நேரத்தில்தான் ரயிலுக்குப் போகிறவர்கள் எங்கள் தெரு வழியாக நடப்பார்கள். பெங்களூரில் வேலை பார்ப்பவர்கள். தலையில் மப்ளர், தோளில் டிபன் பை. என் வீட்டுக்காரரும் ஒரு காலத்தில் அந்தக் கூட்டத்தில்தான் நடந்தார். அவர்கள் நின்றார்கள்.

"இன்னாண்ணா, ஸ்டார்ட் ஆவலயா? தள்ளுனா ஆயிடும்."

பையைக் கீழே வைத்துவிட்டு ஆறேழு பேர் பின்னால் போனார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலில் தலையை நீட்டி, "செகண்டு கியர் போடுங்கக்கா. கிளட்ச்ச மிதிங்க. நான் சொன்னா விடுங்க" என்றார். எதிர் வீட்டில் கதவு திறந்தது. வைண்டிங் டிரைவர் கம்பளியோடு வந்து நின்றார். கேஜில் ஆள் ஏறினால் மூன்று பெல் அடிப்பார்களாம். அவர் வாயாலேயே, "டிங், டிங், டிங்!" என்றார். அதைக் கேட்டதும் அவர்கள் தள்ளினார்கள். தெரு சரிவு. கார் ஓடியது. கிளட்ச்சை விட்டேன். கார் ஒரு குதி குதித்துக் கிளம்பியது. பின்னால் கைதட்டல் கேட்டது.

அன்றிலிருந்து அது வழக்கமானது. வாரத்தில் மூன்று நாள் காலையில் டிங் டிங் டிங். அவர்களுக்கு அது சந்தோஷம். வேலைக்குப் போகுமுன் ஒரு வெற்றி. குளிருக்கும் நல்லது. ஒருவர்கூட இந்தக் கார் ஏன் தானாகக் கிளம்பவில்லை என்று அந்த நேரத்தில் கேட்கவில்லை. கேட்பதெல்லாம் சாயங்காலம்தான்.

சாயங்காலத்துக்குச் சாயங்காலம் ஒரு தீர்ப்பு. முதலில் பேட்டரி என்றார்கள். புது பேட்டரி போட்டேன். சுத்தும் சத்தம் பெரிதானது. கார் கிளம்பவில்லை. அப்புறம் டீசல் பில்டர் என்றார்கள். மாற்றினேன். ஏர் பில்டர் என்றார்கள். அதைக் கழற்றியபோது தங்கம் பிரித்தபின் மைன்ஸ் குவித்துவைத்த சயனைடு மேட்டு மண் ஒரு பிடி கொட்டியது. ஊரில் எல்லோர் நெஞ்சிலும் இருப்பது அதன் நெஞ்சிலும் இருந்தது. அதையும் மாற்றினேன். அப்புறம் பம்ப் என்றார்கள்.

"பம்ப்புல பிரஷர் இல்ல. கம்ப்ரஸர்ல காத்து கொறஞ்சா டிரில்லு இன்னா பண்ணும்? அத்த மாதிரி" என்றார் வைண்டிங் டிரைவர்.

பம்ப்பைக் கழற்றிப் பங்காருப்பேட்டைக்குக் கொண்டுபோய்ச் சரிபார்த்து வந்தேன். பம்ப்காரன் ஒரு குறையும் இல்லை என்றான். இவர்களிடம் வந்து சொன்னேன். பம்ப்காரனுக்கு ஒன்றும் தெரியாது என்றார்கள்.

ராபர்ட்சன்பேட்டை மெக்கானிக் இன்னும் மேல். அவன் பத்தரைக்குக் கடை திறப்பான். நான் பதினொரு மணிக்குக் காரைக் கொண்டுபோவேன். அவன் சாவியைத் திருப்புவான். கார் உடனே கிளம்பும். என்னை ஒரு பார்வை பார்ப்பான்.

"நல்லாத்தான கீது?"

"காலையில அஞ்சு மணிக்கு வந்து பாரு."

"அஞ்சு மணிக்கு நான் எங்கம்மா எந்திரிக்கிறது?"

பத்தரைக்கு எல்லாக் காரும் நல்ல கார்தான். பிளவுஸ் தைத்துக் கொடுக்கும்போது நான் ஆளை நிற்கவைத்துப் பார்ப்பதில்லை. கையைத் தூக்கச் சொல்வேன். எங்கே பிடிக்கிறது என்பது தூக்கும்போதுதான் தெரியும். இதை அவனிடம் சொன்னேன். சிரித்தான். பெண்களுக்குக் கார் பழகாது, சாவியைச் சரியாகத் திருப்பியிருக்கமாட்டேன் என்று என் வீட்டுக்காரரிடம் போனில் சொல்லியிருக்கிறான். என் வீட்டுக்காரர் அதை என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னார். "ஒருவேளை நீ திருப்பறதுலதான்..."

"நீங்க திருப்புங்க" என்று சாவியைக் கொடுத்தேன். அவர் டிவியைப் போட்டார்.

ஒருநாள் லேட் ஆனது. பேட்டரி மாற்றிய மறுநாள். இனிமேல் தள்ளவேண்டியதில்லை என்று அவர்களே சொல்லிவிட்டு முன்கூட்டியே நடந்துவிட்டார்கள். வேறு ஆளைத் தேடித் தள்ளவைத்து நாங்கள் ஆறே முக்காலுக்குப் போனோம். அவர் படுக்கவேண்டிய மெஷினில் வேறொருவர் படுத்திருந்தார். சாயங்காலம் வரை வராந்தாவில் உட்கார்ந்து கடைசி ஷிப்டில் கெஞ்சி ஏறினார். சிஸ்டர் நோட்டில் ஒரு கோடு போட்டாள்.

இரண்டாவது லேட் இன்னும் அழகு. பாதி தள்ளிக்கொண்டிருக்கும்போது ஊரிகம் ஸ்டேஷன் பக்கம் ரயில் சத்தம் கேட்டது.

"ரயிலு போயிடும்க்கா!" என்று ஒருவர் கத்தினார். அத்தனை பேரும் கையை எடுத்துவிட்டு ஓடினார்கள். டிபன் பைகள் ஆடிக்கொண்டு போயின. கார் சாக்கடை ஓரத்தில் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றது. தெருவில் நானும் அவரும். வாசலில் வைண்டிங் டிரைவர் மட்டும் தனியாக, "டிங், டிங்" என்று அடித்துக்கொண்டிருந்தார். தள்ள ஆளில்லை என்பது அவருக்குத் தெரிய நேரம் ஆனது.

பொழுது விடிந்து வேறு ஆள் கிடைத்துத் தள்ளியபிறகுதான் போனோம். நோட்டில் இரண்டாவது கோடு. சிஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். அவளுக்குத் தமிழும் வரும்.

"இன்னொரு வாட்டி ஆச்சுன்னா என் கையில ஒண்ணும் இல்லைம்மா. பேரை எடுத்துடுவாங்க. சொல்லிட்டேன்."

"சரி" என்றேன். வேறென்ன சொல்ல. வண்டியில் வரும்போது அவரிடம் சொல்லவில்லை. ஆனால் அவர் கேட்டிருந்தார். கோலார் தாண்டி ரொம்ப தூரம் போனபிறகு, "வுடு. ஆவறது ஆவட்டும்" என்றார். எனக்கு அப்போது வந்த கோபம் காரின்மேல் வரவில்லை.

அதன்பின் அவர்களை முன்னதாக வரச்சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரர் பொறுப்பு எடுத்துக்கொண்டார். மூன்று வாரம் சரியாகப் போனது. நடுவில் ஒரு விஷயத்தை நானும் யோசிக்கவில்லை. அவர்களும் யோசிக்கவில்லை.

பொங்கல் அன்றைக்கு டயாலிசிஸ். கிட்னிக்குப் பண்டிகை கிடையாது. ரயிலுக்குப் போகிறவர்களுக்கு உண்டு.

காரில் அவரை உட்காரவைத்துவிட்டுத் தெருவைப் பார்த்தேன். ஒரு மப்ளர் இல்லை. ஒரு டிபன் பை இல்லை. சாவியைத் திருப்பினேன். இருமல். பக்கத்து வீட்டுக்காரரின் மனைவி வாசலில் குனிந்து கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். அந்த நேரத்துக்கே குளித்து, ஈரத்தலையில் துண்டு கட்டியிருந்தாள். தெரு நெடுக அப்படித்தான். வாசலுக்கு ஒருத்தி, கையில் கோலமாவு.

"உன் வீட்டுக்காரர எழுப்பு" என்றேன்.

"அவரா? விடிய விடிய சீட்டு ஆடிட்டு இப்பதான் படுத்தாரு. இடி விழுந்தாலும் எந்திரிக்க மாட்டாரு." நிமிர்ந்து காரைப் பார்த்தாள். "இன்னாக்கா, தள்ளணுமா?"

"ஆமா."

"அத்த நாங்க தள்ளக்கூடாதா? அதுக்கும் மீசை வேணுமா?"

ஆறு வாரம் அந்தத் தெருவில் நான் ஆம்பளைகளைத் தவிர ஒருவரையும் கேட்டதில்லை. அவர்களைக் கிண்டல் பண்ணியே பழகியவள், கேட்பது என்னவோ அவர்களைத்தான் கேட்டேன்.

அவள் கோலக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "அடியே, எல்லாம் வாங்கடி! அண்ணன் ஆஸ்பத்திரி போகணும்!" என்று தெருவுக்குக் கேட்கிறமாதிரி ஒரு சத்தம் போட்டாள். ஏழு பேர் வந்தார்கள். ஒருத்தி மாசமாக இருந்தாள். அவளை ஓரமாக நிற்கச் சொன்னார்கள். என் வீட்டுக்காரர் கதவைத் திறந்து இறங்கப் பார்த்தார்.

"நீ எங்கண்ணா இறங்கற? உக்காரு! உன்ன தள்ளத்தான நாங்க வந்தோம்" என்று ஒருத்தி கதவைச் சாத்தினாள்.

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டார்கள். யாரும் பெல் அடிக்கவில்லை. ரேஷன் கடையில் மூட்டை நகர்த்துவது மாதிரி, "ம்ம்" என்று ஒரே மூச்சு. கார் நகர்ந்தது. முன்னால் வெளிச்சத்தில் கோலங்கள் வந்தன. பானை போட்ட கோலம், கரும்பு போட்ட கோலம். பிரேக்கில் கால் போனது.

"கோலம் போனா போவுது! நிறுத்தாதக்கா! ஏத்து!"

ஏற்றினேன். நாலாவது வாசலில் கிளட்ச்சை விட்டேன். கார் குதித்துக் கிளம்பியது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. நிறுத்தினால் மறுபடி கிளம்பாது.

ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தும்போது ஆறரைக்கு மூன்று நிமிடம் இருந்தது. அவரைக் கைத்தாங்கலாக உள்ளே கொண்டுபோனேன். சிஸ்டர் புதுப்புடவை கட்டியிருந்தாள். நோட்டைத் திறந்து வைத்துப் பேனாவைக் கையில் பிடித்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் மூடினாள். "ஹப்ப மாடித்ரா?" என்று கேட்டாள். பொங்கல் கொண்டாடியாச்சா என்று கன்னடத்தில். "மாடிட்டோம்" என்றேன்.

வெளியே வந்து கார் பக்கத்தில் நின்றேன். அங்கே ஒரு தக்காளி வண்டிக்காரன் நின்றுகொண்டிருந்தான். அவன் தன் அத்தையை அதே முதல் ஷிப்டுக்குத் தன் பிக்கப்பில் கொண்டுவருவான். கோலார் மார்க்கெட்டில் தக்காளி இறக்கிவிட்டு அப்படியே வருவான். அவன் என் காரின் பின்பக்கத்தைப் பார்த்துச் சிரித்தான். நானும் போய்ப் பார்த்தேன். கருநீலத்தில் வெள்ளை வெள்ளையாகக் கை. தள்ளிய அத்தனை பேருடைய கையும் கோலமாவோடு பதிந்திருந்தது.

"தள்ளிட்டு வந்தீங்களா?" அவன் தமிழ் கன்னடம் கலந்து பேசுவான்.

"தினமும் அப்படித்தான்."

"காலையில மட்டும்தானே? மத்தியானம் ஒழுங்கா ஸ்டார்ட் ஆகுமே?"

முதல்முறையாக ஒருவன் எந்த நேரத்தில் என்று என்னிடம் கேட்டான். ஆமாம் என்றேன்.

"சாவி போட்டதும் மீட்டர்ல மஞ்சள் லைட் வரும், கம்பிச் சுருள் மாதிரி. அது வருதா?"

"அப்படி ஒரு லைட்டே நான் பார்த்ததில்ல."

பானெட்டைத் திறக்கச் சொன்னான். கையை இடுப்பில் வைக்கவில்லை. நேராக உள்ளே விட்டு ஒரு கம்பியை வெளியே இழுத்தான். முனையை வெட்டிக் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. நீட்டாகச் சுற்றியிருந்தார்கள். வேலை தெரிந்தவன் சுற்றியது.

டீசல் இன்ஜினில் பெட்ரோல் மாதிரி நெருப்புப் பொறி கிடையாது என்றான். குளிரில் முதலில் உள்ளே சூடு ஏறவேண்டும். அதற்கு நாலு ஹீட்டர் பிளக் இருக்கிறது. சாவியைத் திருப்பிச் சற்று நேரம் பொறுத்தால் அது பழுக்கும். மஞ்சள் லைட் அணையும். அப்புறம்தான் ஸ்டார்ட் பண்ணவேண்டும். பிளக் போயிருந்தால் குளிரில் கிளம்பாது. சூடான இன்ஜின் கிளம்பும். விற்றவன் கம்பியை வெட்டி, மீட்டரில் பல்பையும் கழற்றியிருக்கிறான். கார் பார்க்கப் போனபோது இன்ஜின் ஓடிக்கொண்டிருந்ததா என்று அவனே கேட்டான். நான் தலையை ஆட்டினேன்.

"யாரும் பார்க்கலையாக்கா?"

"பார்த்தாங்க. ஸ்க்ரூ டிரைவர் வெச்சு பார்த்தாங்க" என்றேன்.

அடுத்த முறையும் பெண்கள்தான் தள்ளினார்கள், ஆம்பளைகளுக்குப் பண்டிகை லீவு முடியவில்லை. அன்றைக்கு அவர் மெஷினில் படுத்திருக்கும்போது, மார்க்கெட் பக்கம் அவனுக்குத் தெரிந்த கடைக்குப் போனோம். நாலு பிளக்கையும் கழற்றினார்கள். விரல் நீளம்தான் ஒவ்வொன்றும். இரண்டின் முனை எரிந்து குட்டையாகிவிட்டிருந்தது. இரண்டு செத்துப்போயிருந்தது. புதிது போட்டுக் கம்பியை ஒட்டி பல்பும் வைத்தார்கள். ஒரு டீ குடித்து முடிக்கிற நேரம்தான் ஆனது. பழையது நாலையும் காகிதத்தில் சுற்றி வாங்கிக்கொண்டேன். வீட்டுக்குப் போகும் வழியில் புரோக்கர் கடைக்குப் பின்னால் நிறுத்தினேன். அவன் யாருக்கோ டீ கொடுத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஒரு சிவப்புக் கார் ஓடிக்கொண்டிருந்தது. வாங்க வந்த புருஷன் பெண்டாட்டி நின்றிருந்தார்கள்.

"இன்ஜின ஆஃப் பண்ணச் சொல்லு. நாளைக்கு அஞ்சு மணிக்கு வந்து பாரு" என்று அந்தப் பெண்ணிடம் மட்டும் சொன்னேன். காகிதத்தைப் புரோக்கர் மேஜைமேல் வைத்தேன். அவன் பிரித்துப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் ஓடற சாமான்தானம்மா, தேயும்" என்றான். அவனோடு பேச எனக்கு நேரமில்லை. தைக்கக் கொடுத்தவர்கள் காத்திருந்தார்கள்.

அதற்கு அடுத்த டயாலிசிஸ் நாள். நல்ல பனி. தெருவில் பையைக் கீழே வைத்துவிட்டு ஆறேழு பேர் தயாராக நின்றார்கள். பொங்கலுக்கு வராததற்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் மட்டும், "அன்னிக்கு லேடீஸ் டீமாமே?" என்றார். அவர் மனைவி உள்ளேயிருந்து, "நீ தூங்கற டீமு" என்றாள்.

சாவியைத் திருப்பினேன். மஞ்சள் லைட் வந்தது. காத்திருந்தேன்.

"இன்னாக்கா, கியர் போடுங்க. இன்னா பார்க்கறீங்க?"

லைட் அணைந்தது. இன்னும் கொஞ்சம் திருப்பினேன். கார் ஒரே சத்தத்தில் கிளம்பியது. கொஞ்சம் வெள்ளைப் புகை விட்டு நிதானமாக ஓடியது.

பின்னால் கை வைத்திருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். ஒருவர் கையை எடுத்துப் பேண்டில் துடைத்துக்கொண்டார். பரிசு பிடுங்கப்பட்ட பிள்ளைகள் மாதிரி முகம்.

"அப்ப இனிமே நாங்க வாணாமா?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

"ரயிலுக்கு நேரம் ஆவுது. போங்க" என்றேன்.

வைண்டிங் டிரைவர் கம்பளியோடு ஜன்னலுக்கு வந்தார். உள்ளே தலையை விட்டார். நான் பிளக் விஷயத்தைச் சத்தமாகச் சொன்னேன். இடது காதுப் பக்கம் சொன்னேன்.

"அதான்!" என்றார். "நான் அன்னிக்கே சொன்னேன் இல்ல, சூடு பத்தலன்னு?"

அவர் அப்படி ஒருநாளும் சொல்லவில்லை. சுற்றி நின்றவர்கள் எல்லோரும், "ஆமா, தாத்தா சொன்னாரு" என்று தலையாட்டினார்கள். சாயங்காலத்துக்குள் லைன் முழுக்க அந்தக் காரைச் சரிபண்ணியவர் அவர்தான் என்று ஆகிவிட்டது. இன்றுவரை அப்படித்தான். அவர் இப்போது யார் கார் வாங்கினாலும் கூடப் போகிறார்.

நான் கியரைப் போட்டேன். பங்காருப்பேட்டை தாண்டியபோது கடிகாரத்தைப் பார்த்தேன். இருபது நிமிடம் கையில் இருந்தது. அவரும் பார்த்தார். கொஞ்சநேரம் கழித்து, "மெதுவா போ. டைம் கீது" என்றார்.

அவருக்கும் வண்டி ஓட்டத் தெரியாது. நான் வேகத்தைக் குறைக்கவில்லை.